மூன்றாம் டேங்குக்கு ஊற்றிய உறை

ஜூலை பதினான்காம் தேதி காலை பத்தே காலுக்குப் புளிப்புக் கம்பெனியின் மூன்றாம் நம்பர் டேங்கில் சுண்ணாம்புப் பால் விட்டார்கள். அதே பத்தே காலுக்கு, எட்டுக் கிலோமீட்டர் தள்ளி, வரலாற்றுப் பாடத்தில் உட்கார்ந்திருந்த ரூபினியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெள்ளை உப்பு பூத்தது. ரூபினிக்குப் பதினாறு வயது, நான்காம் படிவம். அவளுக்கு அது முதல் தடவை அல்ல; பிறர் கண்ணில் பட்டதுதான் முதல் தடவை. பக்கத்துப் பெண் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கரிக்கவில்லை, லேசாகக் கசக்கிறது என்றாள். ஆசிரியை அதைச் சுண்ணக்கட்டித் தூள் என்று நினைத்து, போய்க் கை கழுவி வரச் சொன்னார். ரூபினி கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மூச்சு இப்போது லேசாக இருந்தது. சுண்ணாம்பு விழுவதற்கு முந்திய அரை மணி நேரம்தான் அவளுக்கு எப்போதும் கஷ்டம்.

புளிப்புக் கம்பெனி என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். பாலிங் ஊருக்குப் போகும் ரோட்டில், கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிய இடத்தில் அது நிற்கிறது. மரவள்ளி மாவைச் சர்க்கரைப் பாகாக்கி ஆளுயரத்துக்கு ஐந்து மடங்கான டேங்குகளில் நிரப்பி, அதில் கிருமியை விடுவார்கள். கிருமி சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்கும். கக்கிய புளிப்பிலேயே அதற்கு மூச்சு முட்டும் என்பதால் இடையிடையே சுண்ணாம்பு விடுவார்கள். புளிப்பு சுண்ணாம்போடு சேர்ந்து உப்பாகிவிடும். கடைசியில் உப்பை வடிகட்டி எடுத்து, அதைவிட முரட்டு அமிலம் ஒன்றைச் சேர்த்தால் புளிப்பு தனியே கழன்று வரும். மிஞ்சுகிற வெள்ளைச் சேற்றைக் கம்பெனிக்குப் பின்னால் மலை மாதிரிக் குவித்திருக்கிறார்கள். புளிப்பைச் சுண்டக் காய்ச்சி, நீல நிற டிரம்களில் அடைத்துப் பினாங்குத் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். டிரம் ஒன்று இருநூற்றைம்பது கிலோ. மிட்டாயிலும் முகக் கிரீமிலும் பிளாஸ்டிக் கோப்பையிலும் அது சேர்கிறது என்று சொல்வார்கள். முன்பு அங்கே பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள்தான், பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து மூன்று ஷிப்டாகப் போய் வருகிறார்கள். ரூபினியின் அம்மா குணசுந்தரி மூன்றாம் டேங்கின் ஆப்பரேட்டர். அப்பா ஜொகூரில் கிரேன் ஓட்டுகிறார். தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வருவார்.

அதற்கு முந்திய அக்டோபரில் மூன்றாம் டேங்கின் கிருமி அடுத்தடுத்து மூன்று முறை செத்தது. வெளிநாட்டிலிருந்து ஐஸில் வந்த கிருமி. விட்ட பத்து மணி நேரத்தில் டேங்க் மழைத் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிடும். கிருமியைத் தின்னுகிற வைரஸ் ஒன்று குழாய்களில் குடியேறிவிட்டது என்று லேப் தலைவர் அனந்தன் அறிக்கை எழுதினார். டேங்கை மூடப்போகிறார்கள், அதில் வேலை செய்யும் பதினொரு பெண்களுக்கும் சீட்டுக் கிழியப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் குணசுந்தரி அடுப்படியில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு அரிசி போடாமல் நின்றாள். ரூபினி அவளுக்குப் பக்கத்தில் தயிருக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தாமானில் மற்றவர்கள் வீட்டுத் தயிர் நீர்த்துப்போகும், நூல் இழுக்கும். ரூபினி உறை ஊற்றினால் கரண்டி நிற்கும். சுண்டு விரலைப் பாலில் விட்டுச் சூடு பார்ப்பாள், அதே விரலாலேயே கலக்கிவிடுவாள்.

"ஏம்மா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க? வெள்ளக்காரன் கிருமிதானே வேல செய்ய மாட்டேங்குது. இதுல ஒரு கரண்டி ஊத்திப் பாருங்களேன். என் கையி பட்டா எதுவும் உறையும்லா."

"ஆமா, இவ பெரிய கெமிஸ்ட்டு" என்றாள் குணசுந்தரி. அரிசி போட்டாள்.

மறுநாள் டேங்குகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் கொளுத்தக் கூடாது என்று கம்பெனி உத்தரவு, அதனால் பேட்டரி விளக்கு. பொரியும் கடலையும் எல்லாருக்கும் கொடுத்து முடிந்ததும், குணசுந்தரி விதைக் கிருமி விடுகிற சின்ன டேங்கின் மூடியைத் திறந்து, டப்பாவில் கொண்டுவந்திருந்த தயிரில் ஒரு கரண்டியை உள்ளே விட்டாள். புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் எதையும் கணக்குப் போட்டு ஊற்றுவதில்லை. அவளும் அப்படித்தான் ஊற்றினாள். சின்ன டேங்கிலிருந்து பெரிய டேங்குக்குப் பாகு இறங்கியது. மறுநாள் விடிந்தபோது மூன்றாம் டேங்க் புளித்திருந்தது. அந்த மாதிரிப் புளிப்பை அந்தக் கம்பெனி அதுவரை கண்டதில்லை. மேனேஜர் எல்லாருக்கும் கே.எஃப்.சி. வாங்கிக் கொடுத்தார்.

டேங்கின் சூடு நாற்பத்திரண்டு டிகிரி. அன்றிலிருந்து ரூபினியின் சூடும் நாற்பத்திரண்டு. கிளினிக் டாக்டர் தெர்மாமீட்டரை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டுப் பெனடால் கொடுத்து அனுப்பினார். நாற்பத்திரண்டில் மனிதர் எழுந்து நிற்க முடியாது. ரூபினி நின்றாள், நடந்தாள், கணக்குச் செய்தாள். டேங்கில் புதுப் பாகு நிரப்பும் நாளில் சீனிப் பசி எடுத்து ஒரு டின் கெட்டிப்பாலை நின்றபடியே குடித்தாள். அழுதால் கண்ணீர் விழுந்த இடத்தில் பள்ளிச் சீருடையின் நீலம் வெளுத்தது. அம்மா வீட்டில் வைத்திருந்த ஷிப்ட் அட்டவணையைக் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி, தன் உடம்புக்கு வந்ததை எல்லாம் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். நிமிடம் பிசகாமல் பொருந்தியது. பூஜையன்று அம்மா டப்பாவில் தயிர் கொண்டுபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விளையாட்டாகச் சொன்ன வார்த்தை தன்னுடையது; கலக்கிய விரலும் தன்னுடையது. வெளியே தெரிந்தால் அம்மாவுக்கு வேலை போகும், போலீஸ்கூட வரலாம். சொல்லாவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்பது தெரியவில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

அடுத்த வருஷம் நவம்பரில் சுண்ணாம்புப் பம்ப் கெட்டு இரண்டு மணி நேரம் நின்றது. காலைச் சபைகூடலில் தேசியப் பாடலுக்கு நடுவே ரூபினி மண்ணில் விழுந்தாள். ஆம்புலன்ஸில் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் முழுக்கப் புளிப்பாக இருக்கிறது, இந்த வயதில் இப்படிப் பார்த்ததில்லை என்று டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பம்பைச் சரி செய்த ஐந்தாவது நிமிடம் அவள் எழுந்து உட்கார்ந்து மைலோ கேட்டாள். மூன்று நாள் வைத்திருந்து, பெயர் தெரியாத நோய்க்கு மருந்தில்லாத சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்காமல் உள்ளே விடுவதில்லை. பக்கத்து வீட்டு மருதம்மாள் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் செக்கச் சிவக்கக் கொண்டுவந்தாள். ரூபினியின் முகத்துக்கு முன் ஒரு சுற்றுச் சுற்றியதும் தட்டிலிருந்த சிவப்பு மஞ்சளானது.

"கடக்காரன் சுண்ணாம்புல மாவக் கலந்து வுட்டுட்டான், பாவிப்பய" என்று மருதம்மாள் உள்ளே போய் இன்னும் ஒரு கட்டை விரல் சுண்ணாம்பைக் கரைத்துவந்தாள். சிவந்தது. சுற்றினாள். மஞ்சளானது. மூன்றாம் முறை வீட்டிலிருந்த சுண்ணாம்பு டப்பாவையே வழித்துப் போட்டாள். மூன்றாம் முறையும் அப்படியே. தெருவில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டார்கள். மருதம்மாள் போகவில்லை. தட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"ஏ பாப்பா, மறைக்காதே. எதத் தின்ன? எதக் குடிச்ச?"

"ஒன்னும் இல்ல ஆன்ட்டி."

"ஒன்னுமில்லாமயா ஆலாத்தித் தண்ணி பயந்து ஓடுது?"

ரூபினி கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் கணக்குப் புத்தகத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். குணசுந்தரி பின்னட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தாள். "ஊத்துனது நானு. நீ எதுக்குடி அழுவுற, சட்டையெல்லாம் வெளுக்குது பாரு" என்று சொல்லி மகளைத் தூக்கி நிறுத்தி உள்ளே கூட்டிப்போனாள். அன்று முதல் சுண்ணாம்பு நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ஷிப்ட் இல்லாத நாளிலும் போன் போட்டு "பம்ப் ஓடுதா?" என்று கேட்டாள். இப்படியே வாழ்ந்துவிடலாம் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை வந்திருந்தபோது, ஜனவரியில் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள்; அதற்கு முன் மூன்றாம் டேங்கை நூற்று இருபத்தொரு டிகிரி நீராவியில் முப்பது நிமிடம் வைத்து, உள்ளே இருப்பது அத்தனையையும் கொன்று, சான்றிதழ் உள்ள புதுக் கிருமி விட வேண்டும். தேதி இருபத்தேழு. நீராவி வால்வைத் திறக்க வேண்டியவர்: ஆப்பரேட்டர் குணசுந்தரி.

ரூபினி காகிதத்தின் படத்தை அம்மாவின் போனில் பார்த்தாள். "மா, நூத்தி இருவத்தொன்னுனா தண்ணி கொதிக்கறதவிட ஜாஸ்திதானே?" என்று கேட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குணசுந்தரி, கழுவிய பாத்திரங்களையே திரும்பவும் கழுவினாள்.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு லேப்புக்குப் போனாள். அனந்தன் மெர்கோங்கில் வீடு உள்ள யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஜனங்களோடு மரியாதையாகவும் தூரமாகவும் இருப்பவர். யாரையும் 'நீ' என்று சொன்னதில்லை, யார் வீட்டிலும் தண்ணீர் குடித்ததுமில்லை.

"சார், மூணாம் டேங்க்ல இருக்கறது கம்பெனிக் கிருமி இல்ல."

"தெரியும்" என்றார் அனந்தன்.

குணசுந்தரி மனப்பாடம் செய்துகொண்டு வந்த மற்ற வாக்கியங்கள் அவளுக்கு மறந்துவிட்டன.

"முதல் நாளே மைக்ரோஸ்கோப்பில பாத்தனான். இது ரெண்டு சாதி. ஒண்டு கோல் மாதிரி, மற்றது மணி மணியாக் கோத்திருக்கு. வீட்டுத் தயிர். டேங்க் ஓடுது, சனத்துக்கு வேலை இருக்கு எண்டு நானும் பதினஞ்சு மாசமா 'நோர்மல்' எண்டே எழுதிக்கொண்டிருக்கிறன். இப்ப வந்து ஏன் சொல்லுறீங்கள்?"

ரூபினி அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். அனந்தன் எதையும் கேட்காமல் புளிப்பு அளக்கும் மீட்டரின் முனையை அவள் கன்னத்தில் வைத்தார். நான்கு புள்ளி எட்டு. சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். மூன்றாம் டேங்கும் நான்கு புள்ளி எட்டு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே சுண்ணாம்பு விட்டார்கள். புளிப்பு குறைந்து, திரையில் எண் நான்கு புள்ளி ஒன்பதானது, மீட்டரிலும் ஒன்பதானது. அனந்தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"நீராவியை நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்டினா ஏன் எண்டு கேப்பாங்கள். டேங்கையே வெட்டி எடுத்திடுவாங்கள்."

"அப்ப என் மவ?"

அதற்கும் குணசுந்தரியே, வீட்டில் தனக்குத்தானே பேசுகிற குரலில், பதில் சொன்னாள். "ஒரு பான தயிரு தீர்றதுக்குள்ள அடுத்ததுக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சிருவோமே சார். அப்பறந்தானே பானயக் கழுவுறது."

அனந்தன் யோசித்துவிட்டு, பதினைந்து மாதம் பாகிலும் சுண்ணாம்பிலும் வளர்ந்தது, அதற்குப் பால் பழக்கம் விட்டுப்போயிருக்கும், உறையும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டு, கிருமி நீக்கிய பிளாஸ்க் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இருபத்தாறாம் தேதி ஷிப்ட் முடிந்து, மூன்றாம் டேங்கிலிருந்து பிடித்த பிளாஸ்க்கோடு வெளியேறும்போது கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்தான். பிளாஸ்கைத் திருகி மோந்து பார்த்தான். "தைரு கா, கக்?" என்று, தயிரா அக்கா என மலாயில் கேட்டான். "தைரு லா" என்றாள் குணசுந்தரி. தன் அம்மாவும் கறிக்குத் தமிழர் கடையில் தைரு வாங்குவார் என்று சொல்லி அவன் கேட்டைத் தூக்கிவிட்டான். வீட்டில் பால் காய்ந்து தயாராக இருந்தது. ரூபினி சுண்டு விரலை விட்டுச் சூடு பார்த்தாள். பாலுக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கலக்கினாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கும் பால் பாலாகவே இருந்தது. பத்து மணிக்கு நீராவி. குணசுந்தரி வேலைக்குப் போயாகிவிட்டது. போன் கொண்டுபோகக் கூடாத இடத்துக்குப் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு போயிருந்தாள். மருதம்மாள் பானையைத் தொட்டுப் பார்த்து, சூடு பத்தவில்லை என்று முடிவு செய்து, அதைத் துணியில் சுற்றித் தன் மகனின் கஞ்சில் காரில் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். கார் வெயிலில் நின்றது. ஒரு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். ரூபினி பின் சீட்டில் உட்கார்ந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடு வெளுத்திருந்தது. பத்து மணிக்குச் சூப்பர்வைசர் "புக்கா லா, கக்" என்று வால்வைத் திறக்கச் சொன்னார். வால்வின் வளையம் கசிகிறது, பார்க்க வேண்டும் என்றாள் குணசுந்தரி. பத்தே காலுக்கு, அழுத்த மீட்டரை நம்ப முடியவில்லை என்றாள். பத்தரைக்கு அவளிடம் காரணங்கள் தீர்ந்துவிட்டன. வால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். மேனேஜர் மேலிருந்து இறங்கி வந்தார். கையை எடுக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

பத்து நாற்பதுக்கு மருதம்மாள் கார்க் கதவைத் திறந்து, பானையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். உள்ளே இருந்தது ஓடவில்லை. ஒரே துண்டாக நகர்ந்து நின்றது.

"கட்டிருச்சுடி!" என்று போனில் கத்தியது பூட்ஸுக்குள்ளிருந்து மேனேஜருக்கும் கேட்டது. "கித்தாப்பாலு கணக்கா கட்டிருச்சு!"

குணசுந்தரி வால்வை முழுக்கத் திறந்தாள். நாற்பது நிமிடத் தாமதத்துக்கும் போனுக்குமாக இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். டேங்கின் சூடு எண்பது, நூறு, நூற்று இருபத்தொன்று என்று ஏறியபோது ரூபினியின் சூடு முப்பத்தேழுக்கு இறங்கியது. கொதிக்கிற காருக்குள் அவளுக்குக் குளிர்ந்தது. தூரத்துச் சொந்தத்தில் யாரோ தவறிப்போனதாகச் செய்தி வந்த மாதிரி ஒரு நிமிடம் மனசு கனத்தது, அவ்வளவுதான். புதுக் கிருமி வேலை செய்தது. சோதனைக்கு வந்தவர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். மூன்று மாதத்தில் அனந்தன் வேலையை விட்டார். இனிமேல் எந்தத் தாளிலும் 'நோர்மல்' என்று எழுதக் கை வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பானையை ஃபிரிஜ்ஜில் வைத்த முதல் நாள் ரூபினிக்குப் பல் கிட்டியது. வெளியே வைத்தால் பொழுது சாய்வதற்குள் புளிப்பேறி மூச்சு முட்டியது. மருதம்மாள்தான் வந்து, ஒரே பானையில் ஒரு பிள்ளையை வைத்திருப்பது என்ன புத்தி, பூனை தட்டிவிட்டால் என்ன செய்வது என்று சண்டை பிடித்து, ஒரு டம்ளர் எடுத்துப்போய்த் தன் வீட்டில் உறை ஊற்றினாள். பிறகு எதிர் வீட்டில், பிறகு வரிசை முழுக்க. ஒரு வீட்டில் ஃபிரிஜ்ஜில் இருக்கும், ஒரு வீட்டில் அடுப்புப் பக்கம் இருக்கும், ஒரு வீட்டில் புதிது, ஒரு வீட்டில் புளித்தது. எல்லாம் சேர்ந்து ரூபினிக்குச் சரியாக இருந்தது. அனந்தன் ஒரு பாட்டிலை மெர்கோங்குக்குக் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்து "இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார். கல்யாணமாகித் தஞ்சோங் டாவாய்க்குப் போன பெண் ஒருத்தி மடியில் வைத்துக் கொண்டுபோனாள். இப்போது நாற்பத்தொரு வீடு. எங்காவது பூஞ்சை பிடித்துவிட்டால் ரூபினிக்கு இருமல் வரும். "யாரு வூட்லடி அது?" என்று மருதம்மாள் ரோட்டில் நின்று கத்துவாள்; யாராவது ஒருத்தி சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு பானையைக் கழுவுவாள், அடுத்த வீட்டில் ஒரு கரண்டி கேட்பாள். கரண்ட் போனால் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ரூபினி பரீட்சை எழுதினாள், பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். சேர்க்கைப் பாரத்தில் நோய் ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். தெருவில் எந்தப் பெண்ணைக் கண்டாலும் முதலில் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். யாருடைய சிரிப்பு குறைவாக இருந்தாலும் அன்று அவளுக்குத் தூக்கம் இல்லை.

போன மார்ச்சில் கார் நிறுத்துகிற இடத்துக்காகக் கடைசி வீட்டுப் பிரேமாவதிக்கும் குணசுந்தரிக்கும் சண்டை முற்றியது. ஆளுக்கு ஆள் பழைய கதையெல்லாம் இழுத்தார்கள். கடைசியில் பிரேமாவதி, "ரொம்பப் பேசாத. உள்ள போயி சட்டியக் கழுவி ஊத்தறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆவாது" என்றாள். சொன்னவளுக்கே தன் வாயைக் கேட்டுத் திகைப்பாக இருந்தது. ஆனாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாற்பது வீடு இருக்கிறது, ஒன்று போனால் இருமலோடு போகும் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ரூபினி அன்று சாப்பிடவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். இருமல் வரவில்லை.

மறுநாள் காலை பசியாறும் நேரத்தில் பிரேமாவதி ஒரு எவர்சில்வர் சட்டியைத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் வந்தாள். குணசுந்தரியைப் பார்க்கவில்லை. ரூபினிக்கு முன்னால் தட்டைத் தூக்கி, சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். அது அசையவில்லை. "புளிக்கறதுக்குள்ள சாப்புடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு இன்றுவரை கிடையாது. பிரேமாவதி வெளியூர் போகும்போது மட்டும் தன் வீட்டுச் சாவியைக் குணசுந்தரியின் கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறாள். குணசுந்தரி போய், பால் காய்ச்சி ஆற்றி, உறை ஊற்றி, பழைய சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வருகிறாள்.